கடைசி ரேங்க்காரன் எடுத்த தண்ணீர்

அலுப்பு என்றால் என்னவென்று யாராவது என்னிடம் கேட்டால், ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் கெமிஸ்ட்ரி நடத்தப் போய்வந்த வருஷங்களைத்தான் சொல்வேன். தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று கண்ணை மூடினால் அதற்குள் ஊர் வந்துவிடும். அதுவே ஒரு எரிச்சல். விடிவதற்கு முன்னால் மில் சங்கு ஊதும்போது எழுந்திருப்பேன். என் வீட்டுக்காரர் நூற்பாலையில் ஷிப்டு சூப்பர்வைசர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று அவர் தூங்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். நான் சமைக்கும் நேரமும் கூடவே மாறும். சமைத்து வைத்துவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் தொங்கி, பகல் முழுக்க நின்றுகொண்டே கத்தி, திரும்பவும் தொங்கிக்கொண்டு வருவேன். இதற்கு நடுவில் இளைய தலைமுறையைச் செதுக்குகிற வேலையும் எங்களுக்கு இருப்பதாக ஆண்டுவிழா மேடையில் பேசுவார்கள். எனக்குக் கொட்டாவி வரும்.

எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. டாக்டர் படிப்புக்கும் இன்ஜினியர் படிப்புக்கும் நுழைவுத் தேர்வு வந்த பிறகு எங்கள் பக்கத்தில் பெற்றவர்களுக்கு ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. கடை வைத்திருப்பவர், மில் வேலைக்குப் போகிறவர், தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர், எல்லோருக்கும் பையன் டாக்டராக வேண்டும். எங்கள் பள்ளியின் தாளாளருக்கு அதைவிடப் பெரிய ஆசை. பேப்பரில் பள்ளியின் பெயர் வரவேண்டும். அதற்காகவே பிளஸ் டூவில் ஸ்பெஷல் செக்ஷன் என்று ஒன்றை ஆரம்பித்தார். சுற்றுவட்டாரத்தில் பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பையன்களாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்தார்கள். மலையில் மழை பெய்துவிட்டால் மற்ற செக்ஷன் பையன்கள் கட் அடித்துவிட்டு அய்யனார் கோவில் அருவிப் பக்கம் குளிக்கப் போய்விடுவார்கள். எங்கள் ஸ்பெஷல் பையன்களுக்கு மழை பெய்ததே தெரியாது.

அந்த வகுப்புக்கென்று சில முறைகள் இருந்தன. மாதா மாதம் டெஸ்ட். மார்க்கைத் தலைமையாசிரியர் காலை பிரேயரில் வாசிப்பார், அதுவும் கடைசியிலிருந்து. முதலில் எவன் பெயர் வருகிறதோ அவன் தலையைக் குனிந்துகொள்வான், மற்றவர்கள் மூச்சு விடுவார்கள். பிறகு ரேங்க்படி இடம் மாறி உட்கார வேண்டும். கடைசி ரேங்க்காரனுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. அடுத்த டெஸ்ட் வரைக்கும் அவன்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அடிபம்பில் அடித்து, குடத்தில் சுமந்து வந்து, வகுப்பிலிருந்த எவர்சில்வர் டிரம்மையும் ஆசிரியர் அறைப் பானைகளையும் நிரப்ப வேண்டும். "கொடத்தத் தூக்கினாத்தான் படிப்போட அருமை தெரியும்" என்பது தலைமையாசிரியரின் கண்டுபிடிப்பு. தண்ணீர் எடுக்கத் தனியாக ஆள் வைக்க வேண்டியதில்லை என்பதால் தாளாளருக்கும் அது பிடித்திருந்தது.

நான் ஒரு தடவை ஸ்டாஃப் மீட்டிங்கில், "படிக்க வந்த பையன எதுக்கு சார் இப்படி" என்று ஆரம்பித்தேன். "டீச்சருக்கு எளகின மனசு" என்று யாரோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து வடை வந்தது, பேச்சு அதோடு முடிந்தது. முதல் மார்க் வாங்கியவர்களாகவே பார்த்துச் சேர்த்தாலும் அவர்களில் ஒருவன் கடைசியில் வந்துதானே ஆகவேண்டும்? இந்தக் கணக்கு, கணக்கு வாத்தியார் உட்பட அங்கே யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த வருஷம் அப்படிக் கடைசியில் வந்தவன் தேவதானத்துப் பையன். சேத்தூர்ப் பக்கம் வயல்காடும் தோப்புமாக இருக்கிற கிராமம். அவனுடைய அப்பா அங்கே விவசாயம் பார்த்தார். பத்தாவதில் அந்தப் பக்கத்துக்கே முதல் மார்க் வாங்கியவன் என்று சொல்லித்தான் அவனைக் கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்த நாளிலிருந்து ஊரில் அவனுக்குப் பெயர் டாக்டரு. அம்மா கூப்பிடுவதும் அப்படித்தான். தேவதானம் பஸ் கண்டக்டர்கூட, "டாக்டரே, படியில நிக்காம உள்ள போங்க" என்பார். எங்கள் பள்ளியில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது. காலாண்டுக்குப் பிறகு மாதா மாதம் அவனே கடைசியில் வர, பையன்கள் அவனைத் தண்ணிக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆசிரியர் அறையிலும் அதுவே அவன் பெயராகிவிட்டது.

முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுமந்தான். அடுத்த மாதம் யாரும் பார்ப்பதற்கு முன்னால் சுமந்துவிட வேண்டும் என்று விடியற்காலை பஸ்ஸுக்கே வந்தான். அதற்கும் பிறகு அவனிடம் ஒரு அமைதி வந்துவிட்டது. டிரம்மைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தான். யாராவது கேலி செய்தால் லேசாகச் சிரித்தான். வகுப்பில் கேள்வி கேட்டால் தெரியாது என்று நிதானமாகச் சொன்னான். "பையன் பக்குவமாயிட்டான், பாத்தீங்களா" என்று தலைமையாசிரியர் எங்களிடம் பெருமைப்பட்டார். கோபம் போய்விட்ட பையனைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

அது மாசி மாதம். பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தைய வாரம். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பொழுது இறங்குகிற நேரத்துக்கு பஸ் ஏறினேன். அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. உடம்பெல்லாம் வலி, லேபில் நின்று நின்று தொண்டையில் ஆசிட் நெடி. பக்கத்தில் ஒரு அம்மாள் பால்கோவா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் என் சீட்டை ஒட்டி நின்றான். அவனும் ராஜபாளையம் வரைக்கும் இதே பஸ்ஸில் வந்து, அங்கே தேவதானம் பஸ் மாறுவான். தினமும் பார்க்கிற முகம்தான். பேச வேண்டியிருக்குமே என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டீச்சர், நாளைக்கு லீவு போட்டுருங்க" என்றான்.

கண்ணைத் திறக்காமலே, "என்னலே, ஸ்டிரைக்கா?" என்றேன்.

அந்தக் காலத்தில் அதற்கு அதுதான் அர்த்தம். எதற்காவது ஸ்டிரைக் வந்துகொண்டே இருக்கும். கல் பறக்கும், கண்ணாடி உடையும். நம்மேல் கொஞ்சம் பிரியமுள்ள பையன் எவனாவது முதல் நாளே வந்து, "நாளைக்கு வராதீங்க டீச்சர்" என்று காதில் போட்டுவிட்டுப் போவான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊறப்போட வேண்டிய துணி மூட்டையாகக் கிடந்தது. மத்தியானம் ஒரு தூக்கமும் போடலாம்.

"ஸ்டிரைக்கு இல்ல டீச்சர்" என்றான். பிறகு குனிந்து, "வந்தாலும் தண்ணி மட்டும் குடிக்காதீக" என்றான்.

தூக்கம் போன இடம் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். புத்தகப் பையைத் தோளில் போடாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை, வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற முகம். கத்த வேண்டும் போல இருந்தது. பஸ் நிறைய ஆட்கள், எல்லோரும் வேலை முடித்து அசந்துபோய் வருகிறவர்கள். கத்தினால் இவன் அடுத்த நிறுத்தத்தில் குதித்து ஓடிவிடுவான், பிறகு எங்கே போய்த் தேடுவது? பக்கத்து அம்மாளிடம், "பையனுக்குத் தல சுத்துதாம், செத்த நேரம் உக்காரட்டும்" என்று சொல்லி எழுந்திருக்க வைத்து அவனை ஜன்னலோரம் உட்கார்த்தினேன். அந்த அம்மாள் என்னை முறைத்துக்கொண்டே நின்றார்.

"பையில என்ன இருக்கு?"

அவன் பையைக் குனிந்து பார்த்தான்.

"தா இங்க" என்றேன். உடனே கொடுத்துவிட்டான். பிடுங்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். கேட்பதற்காகவே காத்திருந்தவன் மாதிரி என் மடியில் வைத்தான். புத்தகங்களுக்கு அடியில் துண்டு சுற்றிய பாட்டில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. வயலுக்கு அடிக்கிற மருந்து. துண்டைத் தாண்டி நாற்றம் வந்தது. ராஜபாளையம் வருகிறவரைக்கும் அந்தப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பஸ் ஸ்டாண்டில் தேவதானம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. "டாக்டரே, வாங்க, எடம் இருக்கு" என்று கண்டக்டர் கூப்பிட்டார். நான் அவன் மணிக்கட்டை விடவில்லை. எங்கள் தெரு வரைக்கும் பிடித்துக்கொண்டே நடந்தேன். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா வாசலில் நின்று தெலுங்கில் "எவரு?" என்றார். "சொந்தக்காரப் பையன்" என்றேன். ராத்திரி ஷிப்டுக்காகப் படுத்திருந்த என் வீட்டுக்காரரை எழுப்பி பையை அவரிடம் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்தார், அவனைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் சோறு போட்டேன். காலையில் வைத்த குழம்புதான். அவன் நாலு நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி சாப்பிட்டான்.

சாப்பிட்டு முடித்ததும் நேராகவே கேட்டேன். "யாருக்குலே அது?"

"எல்லாத்துக்கும்."

"ஒனக்குமா?"

"எனக்கும்தான் டீச்சர்."

இப்படி உடைத்துக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கு உள்ளூர உதறல். ஆனால் கேட்ட பிறகுதான் அவன் முகத்தில் ஒரு மனுஷ முகம் வந்தது. உதடு கோணியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். வீட்டிலிருந்து எடுத்த பாட்டிலை, அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். அவனுடைய அப்பாவுக்கு இந்தத் தண்ணீர் விஷயமே தெரியாது. வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகத்தான் வீட்டில் சொல்லி வைத்திருந்தான். பிராக்டிகலுக்கு முன்னால் வாத்தியார்களைப் பார்த்து மரியாதை செய்ய வேண்டும் என்று அப்பா மறுநாள் காலையில் பள்ளிக்கு வருவதாக இருந்தார்.

"அய்யா வாராக டீச்சர். நான் கொடம் தூக்குறதப் பாப்பாக. இவனுக எல்லாரும் சிரிப்பானுக. அத அய்யா பாக்கக்கூடாது" என்றான். "அதுக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சுரணும்னு நெனச்சேன்."

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்ததா என்றால், அந்த நிமிஷம் வரவில்லை. அவ்வளவு பையன்கள் என் கண்முன்னால் வந்து போனார்கள். ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. என் வீட்டுக்காரர்தான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏலே, மில்லுல எனக்குக் கீழ எம்புட்டுப் பேரு வேல பாக்காக தெரியுமா? ஒருத்தரும் டாக்டர் கெடையாது. எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்குப் போயி சோறு திங்காக" என்றார். அறிவுரை என்று பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. அவன் அவர் தோளில் சாய்ந்துகொண்டு அழுதான். அவர் அன்றைக்கு ஷிப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு தேவதானத்துக்குப் பஸ் ஏறினார். பையனை என் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுக்க வைத்தேன். உடனே தூங்கிவிட்டான். தூங்காமல் கிடந்தது நான்தான்.

விடிந்ததும் அவரோடு பையனின் அப்பாவும் வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ராத்திரி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். சொன்னது மண்டையில் ஏறவில்லை போல. வாத்தியார்களுக்கு என்று கட்டிவைத்திருந்த தேங்காய் மூட்டையையும் தூக்கிக்கொண்டே வந்திருந்தார். அதை எங்கே இறக்குவது என்று தெரியாமல் வாசலில் நின்றார்.

"எம் மவன் ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டான் டீச்சரம்மா."

"மிதிக்கல அண்ணாச்சி. அதுக்கு முந்தி எங்கிட்டச் சொல்லிட்டான். அதனாலதான் இங்க ஒக்காந்திருக்கான்" என்றேன்.

பையனை உற்றுப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்து நான் நடுவில் போய் நின்றேன். அடிக்கவில்லை. "அப்ப டாக்டருக்குப் படிக்க முடியாதா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே ஒரு கோபம். "ஒங்க மவன் உசுரோட இருக்கான். நாலு பேரு வீட்டுப் பிள்ளைகளும் உசுரோட இருக்கு. இன்னும் டாக்டரு டாக்டருன்னா என்ன அர்த்தம்?" என்று கத்திவிட்டேன். மனுஷர் தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கத்தியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. அவருக்கும் யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பையனை என் வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு நான் முதல் ஆளாகப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் அறைக் கதவைச் சாத்தியதும் அவரும், "என்ன டீச்சர், ஸ்டிரைக்கா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் பார்த்தது தன் மேஜைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவை. அதைக் கையால் தள்ளி வைத்தார். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "டி.சி. குடுத்து அனுப்பிரலாம். இன்னைக்கே. வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்துப் பேரு என்ன ஆகும்?" என்றார்.

"குடுங்க சார். நாளைக்குக் கொடத்த யாரு தூக்குவா?"

"யாரு தூக்குவா? அடுத்த கடைசி ரேங்க்குதான்."

"அவனுக்கும் ஒரு அப்பா இருப்பாரு, ஒரு நாளைக்கு வருவாரு" என்றேன்.

அவர் கூஜாவை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டியவர், தாளாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர், என்னைப் போலவே அலுத்துப் போனவர். பரீட்சைக்கு முன்னால் டி.சி. கொடுத்து விரட்டினால் அந்தப் பையன் அன்று சாயங்காலம் என்ன செய்வான் என்று கேட்டேன். போலீஸுக்குப் போவதா என்றும் பேசினோம். இந்தக் காலமாக இருந்தால் வேறு வழி இருந்திருக்குமோ என்னவோ. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். அவன் வகுப்புக்கு வரக்கூடாது. பள்ளிக்கு வந்தால் என் லேபில், என் கண்முன்னால் உட்கார்ந்து படிக்க வேண்டும். பையை நான் பார்த்த பிறகுதான் உள்ளே விடவேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும். பரீட்சையைத் தனியறையில் எழுத ஏற்பாடு செய்ய வேண்டும். தண்ணீர் எடுக்க ஒரு ஆயாவை வைப்பதற்கு அரைமனதாகச் சம்மதித்தார். "அப்ப ரேங்க்படி ஒக்கார வைக்கிறது?" என்றேன். "அதெல்லாம் தாளாளர்கிட்ட கேக்கணும் டீச்சர்" என்றார். அது அதற்கப்புறமும் பல வருஷம் நடந்தது.

அன்று மத்தியானம் அந்த வகுப்பு வாசலில் போய் நின்றேன். பையன்கள் டிரம்மைச் சுற்றி முட்டி மோதிக்கொண்டு, அண்ணாந்து, சட்டையெல்லாம் நனைய தண்ணீர் குடித்தார்கள். ஒருவன் இன்னொருவன் முகத்தில் கொப்பளித்தான். தினமும் பார்த்து அதட்டுகிற கூத்துதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தாங்க முடியாமல் லேபுக்குள் போய் சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டு அழுதேன்.

டாக்டரிடம் போவது லேசில் நடக்கவில்லை. ராஜபாளையத்து டாக்டர் ஒருவர், மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இதற்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள், அங்கே கூட்டிப்போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? ஊரு என்ன பேசும்?" என்று அப்பா மறுத்தார். கண் டாக்டரிடம் போவதாக ஊரில் சொல்லுங்கள் என்று என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். கண் பரிசோதனைக்கு என்று சொல்லிக்கொண்டு மாதத்தில் சில நாள் அப்பாவும் மகனும் மதுரைக்குப் போய்வந்தார்கள். வீட்டில் வயல் மருந்து எதுவும் இருக்கக்கூடாது என்று அந்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருந்ததையெல்லாம் சித்தப்பா வீட்டுக்கு மாற்றிப் பூட்டினார்கள்.

வகுப்புப் பையன்களுக்கு என்ன சொல்வது? மஞ்சள் காமாலை, ஒட்டிக்கொள்ளும், அதனால் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லி வைத்தோம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ லேப் கதவை யாரோ தட்டினார்கள். முதல் ரேங்க் பையன். அவன் பின்னால் இன்னும் சிலர். கையில் ஒரு கட்டு கீழாநெல்லி, வேரில் மண்ணுகூட உதிரவில்லை. மடவார் வளாகக் கோவில் பக்கம் போய்ப் பிடுங்கி வந்தார்களாம். "அரச்சு மோருல குடிக்கச் சொல்லுங்க டீச்சர். எங்க அண்ணனுக்கு இதுலதான் சரியாச்சு. உப்பு சேக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, ஒட்டிக்கொண்டுவிடும் என்ற பயத்தில் தூரத்திலேயே நின்று அவனுக்குக் கையாட்டினார்கள். "தண்ணிக்காரா, சீக்கிரம் வாலே" என்று ஒருவன் கத்தினான். அவர்கள் அந்தப் பெயரை விளையாட்டாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவன் அந்தக் கீரைக் கட்டைக் கையில் வாங்கி, மேஜைமேல் வைத்து, அதன்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அன்று முழுக்க நிமிரவில்லை.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் பஸ்ஸில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்னைக்கு எப்படி இருக்க? அந்த நெனப்பு வந்துச்சா?" என்று கேட்பேன். வந்தது என்பான், இல்லை என்பான், சில நாள் பாதி வழிவரை பதில் சொல்ல மாட்டான். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அது பெரிய பாரமாக இருந்தது. என் தூக்கம் போயிற்று. ஒரு பெரிய மனுஷி மாதிரி என்னை யாரும் பாராட்டவுமில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. சில சாயங்காலங்களில் இவன் இன்றைக்கு வேறு பஸ்ஸில் போய்த் தொலைந்தால் தேவலை என்று நினைத்திருக்கிறேன். ஆனாலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. இத்தனை பேரில் என்னிடம் வந்து சொன்னானே, என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை என்று. அலுப்பான நாட்களில் அந்தப் பெருமையைத்தான் வெல்லக்கட்டி மாதிரி வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தேன்.

அவன் பரீட்சை எழுதினான். சுமாரான மார்க்கில் பாஸானான். டாக்டர் படிப்புக்கெல்லாம் எட்டாத மார்க். ராஜபாளையம் காலேஜில் பி.எஸ்.சி. சேர்க்கப்போவதாக அப்பா சொல்லி அனுப்பினார். அந்த வருஷம் பள்ளியின் பெயர் பேப்பரில் வந்தது. தாளாளர் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டிபன் கேரியர் கொடுத்தார்.

மார்க் சீட்டும் டி.சி.யும் வாங்க ஆனி மாதம் பள்ளிக்கு வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். சேர்ந்தே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். சாயங்காலக் காற்று புழுதியை வாரி அடித்தது. பஸ்ஸுக்காக நிழற்குடையில் நிற்கும்போது, இனி தினமும் இவனைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதியும், கொஞ்சம் வருத்தமும் சேர்ந்து இருந்தது. ஆசைப்பட்டுத்தான் கேட்டேன்.

"ஏம்ப்பா, அன்னைக்கு எங்கிட்ட மட்டும் எதுக்குச் சொன்ன?"

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான்.

"ஒங்ககிட்ட மட்டும் இல்ல டீச்சர்" என்றான். "எல்லாருகிட்டயும் சொன்னேன்."

யார் யாரிடம் என்று கேட்டேன். அம்மாவிடம், செத்துப்போகலாம் போல இருக்கு என்று சொல்லியிருக்கிறான். பி.டி. சாரிடம், நான் ஏதாவது பண்ணிருவேன் சார், என்னை இந்த வகுப்பிலிருந்து மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறான். பக்கத்து பெஞ்ச் பையனிடம் சொல்லியிருக்கிறான். தலைமையாசிரியர் அறை வாசலில்கூட ஒரு நாள் போய் நின்றிருக்கிறான்.

"எல்லாரும் என்ன சொன்னாக?"

"பரீட்சை முடியட்டும்னாக டீச்சர். பொறவு பாத்துக்கலாம்னாக."

எனக்கு அந்த வார்த்தை தெரியும். மாசி பங்குனியில் எங்கள் ஊர்களில் எல்லோர் வாயிலும் இருக்கிற வார்த்தை. வீட்டுக்கு வெள்ளையடிப்பது, நிச்சயதார்த்தம், பல் பிடுங்குவது எல்லாம் அதற்கப்புறம்தான். நானே ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்லுவேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஸ்டிரைக் என்று நினைத்து ஏமாந்திருக்காவிட்டால் அன்றைக்கு அவனிடமும் கண்ணைத் திறக்காமல் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"நீங்களும் அதையேதான் சொல்லுவீகன்னு நெனச்சேன்" என்றான் அவன், பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு. "நீங்களும் அதச் சொல்லிட்டா முடிவு பண்ணிரலாம்னுதான் டீச்சர் ஒங்ககிட்டயும் சொன்னேன்."

பஸ் வந்தது. ஏறி, உட்கார்ந்து, எனக்கும் ஒரு இடம் போட்டு வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான். நான் நிழற்குடையிலேயே நின்றேன். நீ போ, நான் அடுத்ததில் வாரேன் என்று கையைக் காட்டினேன்.